கண்ணாடி அலமாரியில் ஒரு கென்டக்கிப் போத்தல்

நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் கோயிலுக்கோ கோபுரத்துக்கோ போகாது, முதலில் அந்த ஊர்ச் சாரதிகளிடம்தான் போகும். லண்டன்காரர் இடதுபக்கம் ஓட்டுவார்கள் என்பது தெரிந்த விஷயம். ஒடுங்கிய தெருவின் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு, நடுவில் மிஞ்சிய சொற்ப இடத்துக்குள் இரண்டு தட்டு பஸ்ஸை விடுவார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். விமானநிலையத்திலிருந்து ஈஸ்ட் ஹாம் வரும்வரை, மருமகன் கீர்த்தியின் காரில் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

ஊர் பார்க்க வரவில்லை. கீர்த்தியின் தகப்பன், என் மூத்த அண்ணை தவம், மாரடைப்பில் போய்விட்டார். புதன்கிழமை தகனம், ஞாயிறு எட்டுச் செலவு. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எட்டாம் நாள், செத்தவர் உயிரோடு இருக்கையில் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து வாழையிலையில் அவருக்குப் படைப்போம். மீன், இறைச்சி, நண்டு, சுருட்டு, சாராயம், எது விருப்பமோ அது. அதுவரை வீட்டில் மரக்கறிதான். லண்டனில் உடலைக் கையில் தருவதற்கே நாளெடுப்பதால் கணக்குக் கொஞ்சம் இழுபடுகிறது. எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிறுதான் இங்கே எட்டு.

தகனத்தில் பேசியவர் பாலா. மச்சாளின், அதாவது அண்ணையின் மனைவியின், தம்பி. இல்ஃபோர்டில் இருக்கிறார், கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறவர், குரல் பெரிது. அண்ணை ஜேர்மனிக்கு வந்த கதையைச் சொன்னார். பனிக்குள்ளால் எல்லை தாண்டி நடந்ததில் இடது காலில் இரண்டு விரல் போன கதை. எங்கள் வீட்டில் அது வேதவாக்கு. அம்மா கோயிலில் கண்ட ஆட்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினா. சனம் அழுதது, நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் போத்தல் விவகாரம் தொடங்கியது.

அண்ணையின் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. கீர்த்தியின் பட்டமளிப்புப் படம், ஒரு வெண்கலப் பிள்ளையார், யாரோ தந்த தேநீர்க் கோப்பைகள். நடுத்தட்டில் தனியாக ஒரு விஸ்கிப் போத்தல். பழசு. லேபிள் தவிட்டு நிறமாகியிருந்தது, மூடியில் சிவப்பு மெழுகு. அண்ணையின் சாய்கதிரைக்கு நேர் எதிரே, அவருடைய கண் மட்டத்தில். அந்த மனுசன் குடிக்காதவர். கலியாண வீடுகளில் கூட ஒரேஞ்ச் ஜூஸ் கோப்பையோடு மூலையில் நிற்பார், எல்லோரும் பகிடி பண்ணுவார்கள்.

"அத்தார் உதை எத்தினை வருசமாய்ப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தவர்" என்றார் பாலா, தேத்தண்ணீரை உறிஞ்சியபடி. "நல்ல நாளுக்கெண்டு வைச்சிருந்து குடிக்காமலே போயிட்டார். எட்டுக்கு உடைச்சு அவருக்கு ஊத்தவேணும்."

நான் உடனே "ஓம், சரியான கதை" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அண்ணை தனக்கென்று எதையும் அனுபவித்தவர் இல்லை. எங்கள் மூன்று பேரைக் கரைசேர்த்துவிட்டுத்தான் தான் கலியாணம் செய்தார். செத்த பிறகாவது ஒரு சொட்டு அவருடைய இலைக்குப் போகட்டுமே.

இந்திரா மச்சாள் குசினி வாசலில் நின்றார். "உதைத் திறக்க வேண்டாம்" என்றார்.

"ஏன் மச்சாள்?"

"வேண்டாம்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். எனக்கு இப்படிக் காரணம் சொல்லாத 'வேண்டாம்' ஆகவே ஆகாது. பஸ்ஸில் பிள்ளைகள் யன்னலால் தலை நீட்டினால்கூட ஏன் கூடாதென்று சொல்லித்தான் நான் சத்தம் போடுவேன். கீர்த்தியைக் கேட்டேன். அவன் பாதி ஆங்கிலத்திலும் பாதி தோளைக் குலுக்கியும் பதில் சொன்னான். "தெரியாது மாமி. சின்ன வயசில் ஒருக்கால் அதைத் தொட்டேன். அப்பா என்னை அடித்த ஒரே நாள் அதுதான்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. படையலில் ஒரு சட்டம் இருக்கிறது. விரும்பினதைத்தான் வைக்கலாம். விரும்பாததை வைத்தால் அது அவமரியாதை, விரும்பினதை விட்டால் அவர் குறையோடு போவார். எட்டு ஒருமுறைதான் வரும், பிழை விட்டால் திருத்த இடமில்லை. அண்ணைக்கு அந்தப் போத்தல் என்ன முறை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். என் மனுசனைக் கேட்டுப்பாருங்கள்.

வெள்ளி காலை போத்தலை ஒரு குளியல் துவாயில் சுற்றி, மரக்கறிப் பையில் வைத்து, மேலே இரண்டு கட்டு வல்லாரையும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மச்சாளிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "உடைக்கமாட்டன், ஆரிட்டையாவது காட்டிக்கொண்டு வாறன்" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "பத்திரமாய்க் கொண்டுவாரும். சரிச்சு வைக்காதையும்" என்றார். திறக்க வேண்டாம் என்கிறவர் இவ்வளவு பத்திரம் ஏன் சொல்கிறார் என்று எனக்கு ஓடவில்லை.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடப்பது, சாவீட்டுத் தீட்டில் இருக்கிற துடக்குக்காரருக்குப் பெரிய சோதனை. ஒவ்வொரு இரண்டாவது கடையிலும் மட்டன் ரோல்ஸ் சுடச்சுட எண்ணெயிலிருந்து ஏறுகிறது. ஸ்காபரோவில் கடைகள் பெரிய பிளாசாக்களுக்குள் இருக்கும், காரை நிறுத்திக் கதவைத் திறந்தால்தான் மணம் வரும். இங்கே மணம் நடைபாதையிலேயே ஆளைப் பிடிக்கிறது. ஒரு கடைக்காரப் பெடியன் "அன்ரி, ரோல்ஸ் இப்பதான் இறக்கினது" என்றான். "எட்டு முடியேல்லையடா" என்றேன். அவன் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு ஒரு வாய்ப்பனைக் கடதாசியில் சுற்றித் தந்தான். வாய்ப்பன் வெறும் வாழைப்பழமும் மாவும் பொரித்த உருண்டை, மரக்கறிதானே. ரெயினில் நின்றபடியே தின்றேன்.

நகரத்துக்குள்ளே பழைய விஸ்கிகளை மட்டுமே விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கீர்த்திதான் போனில் தேடித் தந்தான். கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் மேசையில் வல்லாரையை எடுத்து வைத்ததைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துவாயை அவிழ்த்ததும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

இது பேர்பன், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துச் சரக்கு என்றார். பாதிக்கு மேல் சோளம். உட்பக்கம் நெருப்பில் கருக்கிய புதுப் பீப்பாயில் வருசக்கணக்காகக் கிடந்தால்தான் இந்தத் தேன் நிறம் வருமாம். சின்ன ரோர்ச்சால் கண்ணாடியில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டினார். இந்தப் போத்தலை மீண்டும் பாவிப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம் என்று அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் வீடுகளுக்குள் அமெரிக்கப் பொலிஸ் வந்தால் நல்லெண்ணெய்ப் போத்தலிலிருந்து தண்ணீர்ப் போத்தல் வரை எல்லோரும் உள்ளேதான். அவருக்கும் சொன்னேன், அவரும் சிரித்தார்.

அந்த வாசகம் இருப்பதால் அறுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியது என்றார். பிறகு மூடிக்கு மேலால் ஒட்டியிருந்த வரித்துண்டைப் பார்த்தார். மெழுகுக்குக் கீழே அது நீல நிறத்தில் தெரிந்தது.

"பச்சை என்றால் அமெரிக்காவுக்குள் விற்றது. நீலம் ஏற்றுமதி. இந்தப் போத்தல் அமெரிக்கக் கடை எதிலும் இருந்ததில்லை. அநேகமாக வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படைமுகாம் ஒன்றுக்குப் போயிருக்கும். உங்கள் அண்ணன் அமெரிக்க இராணுவத்திலா இருந்தார்?"

"ஐயோ, இல்லை. அவர் எங்கள் நாட்டு இராணுவத்துக்குப் பயந்து ஜேர்மனிக்கு ஓடினவர்" என்றேன்.

"ஜேர்மனியா? அப்படியென்றால் சரி. அங்கே முகாம்கள் நிறைய."

ஆனால் மெழுகுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சிவப்பு மெழுகு ஊற்றுகிற கம்பனி ஒன்று உண்டு, இது அவர்களுடையது இல்லை. இது வீட்டு மெழுகுதிரி. யாரோ போத்தலை மூடி, அதற்கும் மேலால் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அதோடு சூடு ஆறுவதற்கு முன் விரலை வைத்து அமத்தியிருக்கிறார்கள். ரோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். சிவப்புக்குள் ஒரு பெருவிரலின் ரேகை வடிவாகத் தெரிந்தது.

விற்கப்போகிறீர்களா என்று கேட்டு ஒரு விலை சொன்னார். நல்ல விலை. நான் இல்லையென்றேன். "ஞாயிற்றுக்கிழமை உடைத்து, செத்துப்போன என் அண்ணனுக்கு ஊற்றப்போகிறோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைவிட நல்ல காரணம் நான் கேள்விப்பட்டதில்லை" என்றார். தக்கை உதிரும், தேயிலை வடியால் வடித்து ஊற்றுங்கள் என்று சொல்லி, தானே துவாயில் சுற்றித் தந்தார். வல்லாரையையும் மறக்காமல் மேலே வைத்தார்.

ஜேர்மனி என்றதும் எனக்கு ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது. குணம் அண்ணை. ஜேர்மனியில் அகதிகளைப் போட்டுவைத்த ஹைமில் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தவர். பிறகு இரண்டு பேரும் லண்டனுக்கு மாறினார்கள். தகனத்தில் பின்வரிசையில் நின்றுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். போன் எடுத்து, "அண்ணையின்ரை விஸ்கிப் போத்தலைப் பற்றிக் கேக்கவேணும்" என்றேன். "போனிலை ஏலாது தங்கச்சி. நாளைக்குக் கோயிலடிக்கு வாரும்" என்றார். அவர் சனிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிறவர்.

சனிக்கிழமை லண்டன் ரெயினை நம்பி வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்று கீர்த்தி சொன்னான், நான்தான் கேட்கவில்லை. தண்டவாளத் திருத்தம் என்று பாதியில் இறக்கி, பதில் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்தச் சாரதிக்கு வழி தெரியாது என்பது முதலாவது திருப்பத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கீழ்த்தட்டில் முன்சீற்றில் பையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுத்தெருவுக்குள் விட்டு, எதிரே சாமான் இறக்குகிற வான் வண்டியில் முட்டுகிற மாதிரிக் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் கார்கள். ஹோர்ன் சத்தம் காதைப் பிய்த்தது.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. போத்தலைப் பக்கத்திலிருந்த ஒரு போலந்துக்காரியிடம் கொடுத்து, "இதை நேராகப் பிடியுங்கள், சரிக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பின்னாலிருந்த கார்க்காரரை ஒவ்வொருவராகப் பின்னுக்கு அனுப்பி, சாரதியின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று கையைக் காட்டினேன். "வா, வா, வலதுபக்கம் வெட்டு, நில்." முதலில் முறைத்தவர், பிறகு என் கையைப் பார்த்தே எடுத்தார். மூலை திரும்பியதும் உள்ளே கை தட்டினார்கள். நான் திரும்ப ஏறியதும் சாரதி, "அம்மணி, நீங்கள் எங்கே வேலை?" என்று கேட்டார். "கனடாவில். பனிக்குள் எழுபது பிள்ளைகளோடு" என்றேன். போலந்துக்காரி போத்தலை இன்னும் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி இருந்தாள்.

வெஸ்ட் ஈலிங்கில் கோயில் வாசல் வரை போய் நின்றேன். துடக்கோடு உள்ளே போகக்கூடாது. குணம் அண்ணை வெளியே வந்தார். ஆள் நன்றாக இளைத்துப்போயிருந்தார். மழை தூறியதால் கிட்டத்திலிருந்த பஸ் தரிப்பிடத்துக்குள் போய் இருந்தோம். நான் துவாயை விலக்கி மூடியைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"காலைப் பற்றி உமக்கு என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"போடர் தாண்டேக்கை பனியிலை நடந்து..."

"போடரை நாங்கள் ரெயினிலையல்லோ தாண்டினது. கிழக்கு பேர்லினிலை ஏறி மேற்கிலை இறங்கினது. ஹீட்டர் போட்ட ரெயின், தங்கச்சி. வேர்த்து வழிஞ்சது."

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"கொம்மா பாவம் எண்டு, பனியிலை நடந்த கதையை அவவுக்கு எழுதினது அவன். நானும் ஓம் எண்டு நிண்டன். உங்கடை ஐயா செத்த செய்தி வந்ததே, போக ஏலாமல்ப் போச்சுதே, அதிலை துவங்கினது குடி. முதலிலை ராவிலை மட்டும். பேந்து விடிய எழும்பினதும். நாங்கள் கோப்பை கழுவின சாப்பாட்டுக் கடையிலை மிச்சம் மீதியெல்லாம் குடிப்பான். ஒருநாள் காணேல்லையெண்டு தேடிப் போறன், கடைக்குப் பின்னாலை குப்பைவாளியடியிலை கிடக்கிறான். உடம்புக்கு மேலை பனி. ஒரு காலிலை சப்பாத்து இல்லை. அதிலை போனதுதான் விரல்."

"போத்தல்?"

"ஆசுப்பத்திரியாலை வந்தவுடனை டிசம்பர் நத்தார்ப் பண்டிகை. கடைக்காரி குசினியிலை வேலை செய்யிற எங்களுக்கு ஆளுக்கொரு போத்தல் தந்தவள். அந்த ஊரிலை அமெரிக்கன் ஆமிக் காம்ப் இருந்தது. அவங்கள் முந்தி அவளின்ரை கடைக்குக் குடிக்க வந்து, காசுக்குப் பதிலாய்க் குடுத்திட்டுப் போன போத்தலுகள் நிலவறை முழுக்கக் கிடந்தது. அதிலை ஒண்டுதான் உது. அவளுக்கு அவன்ரை கதை தெரியாது, பாவம். நல்ல மனசோடைதான் தந்தவள். நான் எறிவம் எண்டன். அவன் விடேல்லை. 'எறிஞ்சால் தேடிக்கொண்டு திரிவன் மச்சான், கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்' எண்டான். ஹைமிலை நத்தாருக்குக் கொளுத்தின சிவப்பு மெழுகுதிரி கிடந்தது. அதை உருக்கி ஊத்தி, சுடச்சுடப் பெருவிரலை வைச்சு அமத்தினவன். 'இனி ஆர் உடைச்சாலும் எனக்குத் தெரியும். நான் உடைச்சாலும் எனக்குத் தெரியும்' எண்டான்."

"பேந்து குடிக்கவே இல்லையோ?"

"ஒரு சொட்டு இல்லை. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு அவனுக்குச் சத்தியம் பண்ணினனான். இப்ப உமக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்கு ஆராவது உதை உடைச்சு அவன்ரை இலையிலை ஊத்தினால், நான் உங்கடை வாசல்படி மிதிக்கமாட்டன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை காலம் எங்களை ஏமாற்றிவிட்டாரே என்ற கோபம். பக்கத்தில் இருந்திருந்தால் நாலு வார்த்தை நல்லாகக் கேட்டிருப்பேன். பிறகு மெழுகில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அண்ணையைப் புதன்கிழமை எரித்துவிட்டோம். அவருடைய கை இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தச் சிவப்புக்குள் மட்டும்தான். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். இரண்டு பஸ்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின.

இதையெல்லாம் நான் எழுதுவது மச்சாளைக் கேட்டுத்தான். பெயர்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது மச்சாள் குசினியில் மறுநாள் படையலுக்கு நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். போத்தலை அலமாரியில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். "குணம் அண்ணையைக் கண்டனான்" என்றேன். மச்சாள் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"கலியாணத்துக்கு முதலே எனக்குச் சொன்னவர். இதைக் கேட்டிட்டு வேண்டாமெண்டால் போம், குறை நினைக்கமாட்டன் எண்டவர். கீர்த்தி பிறந்தாப்போலை, பிள்ளைக்குத் தெரியக்கூடாது எண்டு தலையிலை கை வைச்சுச் சத்தியம் வாங்கினவர்."

"உங்களுக்குப் பயமாய் இருக்கேல்லையோ மச்சாள்? எந்த நேரமும் அது எதிரை இருக்க?"

"முதலிலை இருந்தது. ஷிப்ட் முடிஞ்சு வந்து அதுக்கு முன்னாலை இருந்துதான் தேத்தண்ணி குடிப்பார். சில நாளிலை தேத்தண்ணி ஆறிப்போயிடும், அதையே பாத்துக்கொண்டு இருப்பார். நான் கிட்டப் போகமாட்டன். பேந்து எழும்பி வந்து, 'இண்டைக்கு என்ன கறி?' எண்டு கேப்பார். அப்பதான் எனக்கு மூச்சு வரும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப என்ன செய்யிறது ராணி? வைக்கிறதோ, விடுறதோ?"

ரெயின் முழுக்க நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஊற்றுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. அலமாரிக்குள் ஒளித்து வைத்தாலும் சரியில்லை. அந்த மனுசன் சீவியம் முழுக்கச் செய்த பெரிய வேலையை இல்லையென்று சொல்வதாகிவிடும். "வைப்பம்" என்றேன். "திறக்காமல் வைப்பம்."

"பாலா விடமாட்டான்."

"அவரை நான் பாக்கிறன்."

ஞாயிறு காலையிலிருந்து வீடு நிறைந்துவிட்டது. கதிரைகள் போதாமல் மாடிப்படியில் வரிசையாக இருந்தார்கள். வாழையிலை முன்னறையில் அண்ணையின் படத்துக்கு முன்னால். நண்டுக்கறி, கணவாய், முருங்கைக்காய்ப் பால்கறி, பால் அப்பம். அதற்குப் பக்கத்தில், மூலைக்கடையில் வாங்கிய மீனும் சிப்ஸும், வினாகிரி சொட்டச் சொட்ட. அண்ணைக்கு லண்டனில் பிடித்தது அது ஒன்றுதான். நான் போத்தலை எடுத்துவந்து இலையின் தலைமாட்டில் வைத்தேன்.

பாலா தயாராகத்தான் வந்திருந்தார். ஒரு கையில் சின்னக் கத்தி, மறுகையில் கிளாஸ். கடைக்காரர் சொன்னதைக் கீர்த்தி அவருக்குச் சொல்லியிருக்கிறான் போல, தேயிலை வடிகூட இருந்தது. குனிந்து போத்தலின் கழுத்தைப் பிடித்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம் பாலா. அப்பிடியே இருக்கட்டும்."

"என்ன பகிடி விடுறியளோ? மூடின போத்தலை ஆரும் படைப்பினமோ? அத்தார் எப்பிடிக் குடிக்கிறது?"

"இருக்கட்டும்."

"புதன்கிழமை நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்? இப்ப என்ன வந்தது?"

சொல்ல முடியாது. ஒரு சொல் சொன்னால் போதும், பாலா கத்தியை வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லைத்தான் அண்ணை இரண்டு பேரிடம் சத்தியம் வாங்கிப் பூட்டியிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு மணிக்கட்டை இறுக்கினேன். இருபது வருசமாக ஸ்டியரிங் பிடித்த கை, அவருக்கு வலித்திருக்கும்.

பாலாவின் முகம் சிவந்தது. "ஓ. வெள்ளைக்காரன்ரை கடைக்குப் போய் விலை கேட்டுக்கொண்டு வந்தனீங்களல்லோ. இப்பதான் விளங்குது."

மாடிப்படியில் இருந்தவர்களின் அத்தனை கண்ணும் என்மேல். அண்ணனின் எட்டில் போத்தலுக்கு ஆசைப்பட்டவள் என்று கனடா வரைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சனத்தின் வாய்க்கு விமானம் தேவையில்லை. "என்ன வேணுமெண்டாலும் நினையுங்கோ. உடைக்க விடமாட்டன்" என்றேன்.

கீர்த்தி எழுந்து வந்தான். என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பிறகு பாலாவின் கையிலிருந்து கத்தியைப் பக்குவமாக எடுத்தான். "மாமா, மாமி சொல்கிறபடி விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பாலா கிளாஸைக் கதிரையில் போட்டுவிட்டு விலகினார். வாசலில் குணம் அண்ணை நின்றார். செருப்பைக் கழற்றாமல் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் குனிந்து கழற்றினார்.

கீர்த்தி விளக்கு வைத்தான், கற்பூரம் காட்டினான். பிறகு எல்லோரும் வெளியே வந்து முன்னறைக் கதவைச் சாத்தினோம். படைத்த பிறகு கொஞ்ச நேரம் அப்படித்தான் விடுவது. செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடவேண்டும், நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஒடுங்கிய நடையில் ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு நின்றோம். பாலா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அண்ணையும் அந்தப் போத்தலும் தனியாக இருந்தார்கள்.

மச்சாள்தான் போய்க் கதவைத் திறந்தார். நாங்கள் பின்னால் போனோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் இலைக்கு முன்னால் குந்தினார். நண்டைப் பார்க்கவில்லை, அப்பத்தைப் பார்க்கவில்லை. போத்தலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மெழுகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி, தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"இண்டைக்கும் தொடேல்லை கீர்த்தி, உன்ரை அப்பா."